சேரவில்லை என்றால்

6-6-88, திங்கள்

7.40 ரயில். அம்பத்தூரில் இறங்கி மேனாம்பேட்டுக்கு நடந்தேன். கம்பெனி திறந்திருந்தது. கன்னியம்மா அக்கா எனக்கு முன்பே மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் வரை மிக்ஸிக் குமிழ் செய்தோம். இன்று முதல் டாங்கி. எங்கள் ஆவடியில் நிஜமாகச் செய்கிறார்களே, அதே விஜயந்தா, ஒரு சாண் நீளத்துக்கு. முழுதாகச் செய்து கொடுப்பதில்லை. நாற்பத்து நான்கு பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் போட்டு, கூடவே ஒரு பசை ட்யூப் வைத்துக் கொடுப்பார்களாம். வாங்குகிறவர்கள் வீட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கன்னியம்மா அக்கா பீரங்கிக் குழாய் ஒன்றை எடுத்துக் காதுக்குள் விட்டுக் காட்டினாள். "அண்ணாத்தே, டாங்கி போணி ஆவலன்னா காது கொடையறதுன்னு சொல்லி வித்துடலாம்."

முதலாளி கஜபதி சிரித்தார். மேஜையில் ஆறு பேர், ஐந்து பேர் சிரித்தார்கள். நான் பிசிறு சீவிக்கொண்டிருந்தேன்.

9-6-88, வியாழன்

சக்கரம் மட்டும். கண் எரிகிறது.

12-6-88, ஞாயிறு

வேப்பம்பட்டிலிருந்து நாகவல்லி சித்தி வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். நிற்க முடியவில்லை, கடையில் உட்கார ஆள் இல்லை என்றாள். ஸ்டேஷனை ஒட்டி அவர்களுக்கு மளிகைக் கடை. என்னைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள். "இவ பள்ளிக்கூடமும் போறதில்ல. என்னாண்ட அனுப்பு. கடையில குந்திகினு நாலு பேர்கிட்ட பேசினா தானா சரியாப் பூடும்."

அம்மா, "இப்ப வேலைக்குப் போய்கினு இருக்காளே" என்றாள்.

"அது எத்தினி நாளைக்கு? மூடிட்டான்னா அனுப்பிடு, இன்னா?"

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள்.

கடையில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கால் கிலோ என்ன விலை, நீ யார் பெண், ஏன் பேச மாட்டேன் என்கிறாய். மேஜையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பாகம் வரும், சீவ வேண்டும், அடுத்தது வரும்.

அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன நவம்பரில் ஒன்பதாவதைப் பாதியில் விட்டேன். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை. மூன்று பீரியட் நின்றேன், மறுநாள் முதல் போகவில்லை. அன்றிலிருந்து அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. இன்றும் "அவள சாப்ட சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொன்னார். நான் எதிரில்தான் இருந்தேன்.

17-6-88, வெள்ளி

முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். ஆவடியில் ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அக்டோபர் இரண்டாம் தேதி வெள்ளி விழா. உறுப்பினர் வீட்டுக்கு ஒரு டாங்கிப் பெட்டி, பிள்ளைகளுக்காக. மொத்தம் 620. டில்லியிலிருந்து ஒரு கம்பெனியும் கேட்கிறது. அதன் பெட்டியையும் கொடுத்து, இரண்டையும் நீங்களே ஒட்டி வையுங்கள், பார்த்து முடிவு செய்கிறோம் என்று சங்கத்தில் சொன்னார்களாம். அளவுகோலாக வைத்துக்கொள்ள ஒரு ஜப்பான் பெட்டியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"இது வந்தா மேஜை ஓடும். வரலன்னா திரும்ப மிக்ஸி குமிழ்தான். அதுவும் இப்ப கொறஞ்சி போச்சு, ரெண்டு பேர் போதும்."

ரெண்டு பேர் என்றால் நான் இல்லை. நான் கடைசியாகச் சேர்ந்தவள்.

மூன்றையும் ஒட்டும் வேலை எனக்கு. "இந்தப் பொண்ணு வாய தொறக்காது. அதனால கை ஒழுங்கா கீது" என்றார். கன்னியம்மா அக்கா, "அப்ப என் கை இன்னா கோணலா கீதா?" என்றாள். "உன் கை ஒழுங்குதான்மா. உன் வாய் சும்மா இருந்தா அதுவும் வேல செய்யும்."

20-6-88, திங்கள்

ஜப்பான் பெட்டி. அது வேறு ஏதோ டாங்கி.

பாகங்கள் காம்பால் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொரு சட்டமும் தனி உறையில். பாகத்துக்குப் பக்கத்திலேயே எண் அச்சாகி இருக்கிறது. பிளேடால் வெட்டினால் காம்பு இருந்த இடம் தெரியவில்லை. முளையைத் துளையில் வைத்து அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உள்ளே போகிறது. போனபிறகு ஆடவில்லை. எழுத்து படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்தே செய்தேன். சங்கிலிப் பட்டை ரப்பரில். அதன் இரண்டு முனையையும் சூடான ஸ்குரூ டிரைவரால் தொட்டு இணைக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தான். தொட்டேன், இணைந்தது.

இரண்டரை மணி நேரம். ஒரு இடத்திலும் நிறுத்தி யோசிக்கவில்லை. மேல்கூடும் கீழ்க்கூடும் சேர்கிற கோடு நகத்தால் தடவினால்தான் தெரிகிறது.

21-6-88, செவ்வாய்

டில்லிப் பெட்டி. பளபளப்பான தடித்த பிளாஸ்டிக், சோப்பு டப்பா மாதிரி. எல்லா விளிம்பிலும் பிசிறு. எண் கிடையாது. விஜயந்தா என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, ஆனால் பக்கத்துக்கு ஐந்து சக்கரம்தான். எங்கள் டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் மூன்று வயதுப் பிள்ளைகூட ஆறு என்று சொல்லும்.

துளைகள் கொஞ்சம் பெரிது. அதனால் எல்லாம் உள்ளே போய்விடுகிறது. ஆடும் இடத்தைப் பசை நிறைத்துக்கொள்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அசிங்கமாக இருக்கிறது. சேர்ந்துவிட்டது.

23-6-88, வியாழன்

நம்முடையது.

சட்டத்தில் இருக்கும்போது டில்லியைவிட எவ்வளவோ அழகு. பிளாஸ்டிக் வார்க்கிற டையை வெட்டியது தங்கவேல் அண்ணன். மெஷினையும் அவர்தான் ஓட்டுகிறார். ஆவடி ஃபேக்டரியிலிருந்து நிஜ டாங்கிகள் ஓட்டிப் பார்க்க வெளியே வரும்போது சாலையோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துப் பார்த்து வரைந்தாராம். ஆறு சக்கரம். மேலே மூன்று சின்ன உருளை. பீரங்கி பொருத்திய கோபுரத்தின் இரண்டு பக்கமும் ஆறாறு புகைக்குழாய். ஆணித் தலைகள்கூடத் தெரிகின்றன.

ஒட்ட ஆரம்பித்தால் சேரவில்லை. கீழ்க்கூடு ஒரு நூல் அளவு குட்டை, நடுவில் மேலே தூக்கியிருக்கிறது. பின்பக்கம் பிளேடு நுழைகிற அளவு இடைவெளி. கோபுரம் அதன் வளையத்தில் உட்காரவில்லை. சக்கரத்தின் துளையைவிட அச்சு தடிமன். அழுத்தினேன், அச்சு ஒடிந்தது. வேறு எடுத்து அழுத்தினேன். அதுவும் ஒடிந்தது.

தங்கவேல் அண்ணனிடம் உடைந்ததைக் காட்டினேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார். "மேல்கூட்டு டை போட்டுட்டு பத்து நாளு ஜுரத்துல படுத்துட்டேன்மா. எந்திரிச்சு வந்தா அளவு எழுதின சீட்டக் காணோம். கீழ்க்கூட்ட நெனப்பு வச்சு வெட்னேன். புதுசா வெட்டணும்னா ரெண்டு மாசம் ஆவும். அண்ணாத்தேகிட்ட சொல்லிகினு கெடக்காத."

நான் யாரிடம் சொல்லப் போகிறேன்.

27-6-88, திங்கள்

சேரவில்லை. அதனால் தேய்த்தேன்.

தங்கவேல் அண்ணனின் ஊசி அரங்களை வாங்கிக்கொண்டேன். அச்சு பன்னிரண்டையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். வளையத்தை அரைவட்ட அரத்தால் உள்பக்கம் தேய்த்தேன். கீழ்க்கூட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து, இரும்புக் கட்டியை மேலே வைத்துச் சமமாக்கினேன். பின்பக்க இடைவெளிக்கு, வெட்டிப் போட்ட காம்புகளைத் தின்னரில் ஊறப் போட்டால் பாயசம் மாதிரி ஆகிறது, அதைத் தடவினேன். காய்ந்ததும் குறுக்கே தேய்த்து, அப்புறம் நீளவாட்டில் தேய்த்துத் தடம் தெரியாமல் செய்தேன்.

வீட்டில் அப்பா எதையாவது சரிசெய்யும்போது பார்த்திருக்கிறேன். பூட்டுச் சாவி, ஸ்டவ், தையல் மெஷின் எதுவானாலும் அப்படித்தான். சேரவில்லை என்று தூக்கிப் போட மாட்டார். சேரும் வரை தேய்ப்பார். ஃபேக்டரியில் அவர் செய்கிற ஃபிட்டர் வேலை அதுதானே.

மூன்று நாள் ஆயிற்று. மூன்றும் ஜன்னலில் வரிசையாக இருக்கின்றன. நம்முடையது ஜப்பானுக்குப் பக்கத்தில் வைத்தாலும் வெட்கமில்லாமல் நிற்கிறது.

முதலாளி பார்த்தார். "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை வலித்தது.

2-7-88, சனி

சங்கத்துக்காரர்கள் நாலு பேர் கம்பெனிக்கே வந்தார்கள். எல்லோரும் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். செயலாளர் பெயர் வீரராகவன், கண்ணாடி போட்டவர்.

டில்லியைப் பார்த்ததுமே ஒருவர், "இன்னாபா, ஒரு சக்கரத்த வழியிலயே முழுங்கிட்டான்?" என்றார். இன்னொருவர், "நாம செய்ற வண்டிய நமக்கே அஞ்சு சக்கரத்தோட விக்க வர்றான் பாரு, அவனுக்கு எவ்ளோ நெஞ்சழுத்தம்" என்றார். அதோடு டில்லி முடிந்தது. அப்புறம் நம்முடையதைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவர் புகைக்குழாய்களை விரல் வைத்து எண்ணினார். சரியாக இருந்தது. வெல்டிங் செய்கிறவராம், பீரங்கிக் குழாய்க்கு அடியில் ஒரு கோடு இருக்க வேண்டும் என்று தேடினார். அதுவும் இருந்தது. தங்கவேல் அண்ணன் மெஷின் பக்கமே நின்றுகொண்டார், கிட்டே வரவில்லை.

ஒட்டாத பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. நிஜ டாங்கி செய்கிறவர்கள். இது நிஜ டாங்கி மாதிரி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

வீரராகவன் மட்டும், "ஒட்னது யாரு?" என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார்.

"யாரு பொண்ணும்மா நீ?"

முதலாளியே சொன்னார். "ஃபிட்டர் லட்சுமணன் பொண்ணு. பேசாது சார்."

"லட்சுமணன் பொண்ணா. சரி சரி. ஒட்றதுக்குக் கஷ்டமா இருந்துதாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

8-7-88, வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. முதலாளி மேஜைக்கு ஜாங்கிரி கொடுத்தார். நான் ஒட்டியது சங்க ஆபீஸில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதாம். அம்மா, சித்திக்குக் கார்டு எழுதச் சொன்னாள். வனஜா இப்போதைக்கு வர முடியாது என்று என்னைப் பற்றி நானே எழுதினேன்.

18-7-88, திங்கள்

கீழ்க்கூடு நூற்றிரண்டு. எல்லாமே நடுவில் தூக்கியிருக்கின்றன. சீவி, உறையில் போட்டேன்.

24-7-88, ஞாயிறு

அப்பா சங்கத்துக்குப் போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் எதிரில் வந்து நின்றார்.

"பின்பக்கம் குறுக்கு அரம் போட்டிருக்க."

நான் நிமிரவில்லை.

"அதுக்கு மேல நீளவாட்டுல தேய்ச்சு மறைச்சிருக்க. வேற எவனும் கண்டுபிடிக்க மாட்டான்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா என்னோடு பேசுகிறார் என்று.

"அலமாரியில இருக்கறது பெட்டியில இருந்து வந்ததில்ல. அது உன் கை. மத்த பசங்க ஊட்டுல இன்னா பண்ணுங்க? அறுநூறு பேர் ஊட்லயும் அரம் கீதா?"

குளிக்கப் போய்விட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகச் சொன்னது இவ்வளவு.

25-7-88, திங்கள்

நான் இன்னா பண்ணேன்? சேரல, சேத்தேன். அது தப்பா? சங்கத்துக்காரரு கஷ்டமான்னு கேட்டாரு. எனக்குக் கஷ்டமா இல்லியே. மூணு நாளு உக்காந்து தேய்ச்சேன், அது எனக்குக் கஷ்டமா தெரியல. அதான் தலைய ஆட்னேன். பொய் சொல்லணும்னு ஆட்டல. வாயத் தொறந்து தேய்ச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா —

சொல்லியிருந்தால் மேஜை இல்லை. வேப்பம்பட்டு.

26-7-88, செவ்வாய்

மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது ஒரு பெட்டியை எடுத்து, அரம் இல்லாமல், பசை மட்டும் வைத்து ஒட்டிப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி. இரண்டு அச்சு ஒடிந்தது. கோபுரம் சாய்ந்தது. எடுத்து, கழிவு பிளாஸ்டிக்கை அரைக்கிற தொட்டியில் போட்டுவிட்டேன்.

1-8-88, திங்கள்

முதலாளி தனியாக இருந்தார். அறை வாசல் வரை போனேன். "இன்னாமா?" என்றார். தண்ணீர் என்று கையால் காட்டினேன்.

2-8-88

சொல்லவில்லை.

5-8-88

சொல்லவில்லை. 140 பெட்டி மூடியாகிவிட்டது.

19-8-88, வெள்ளி

290. கன்னியம்மா அக்கா பெட்டிகளை அடுக்கிக்கொண்டே தன் வீட்டுக் கதை சொன்னாள். அவள் புருஷனுக்கு நாலு மாதமாக வேலை இல்லை. "இந்த டாங்கிதான்டீ எங்க ஊட்ட இழுத்துகினு போவுது" என்றாள். சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன் போலிருக்கிறது, "அய்ய, பல்லு கூட கீது இதுக்கு" என்றாள்.

5-9-88, திங்கள்

எப்படி ஒட்டுவது என்று ஒரு தாள் பெட்டிக்குள் வைக்க வேண்டும். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையை எனக்கே கொடுத்தார் முதலாளி. முதலில் பேப்பரில் எழுதிக் காட்டு, அப்புறம் ஸ்டென்சிலில் எழுதி, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்துவிடலாம் என்றார்.

வாயால் சொல்ல வேண்டாம். எழுதினால் போதும்.

6-9-88, செவ்வாய்

முப்பத்தொரு வரி எழுதினேன். நான் செய்தது எல்லாவற்றையும், செய்த வரிசையிலேயே. அரம் எந்த அளவு, எத்தனை இழுப்பு, கொதிநீர் எவ்வளவு நேரம், தின்னர் எவ்வளவு.

முதலாளி மேஜைக்கு வந்து சத்தமாகப் படித்தார். "ஏழு. கீழ்க்கூட்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, சூடு ஆறுமுன் கனமான பொருளை மேலே வைக்கவும்."

கன்னியம்மா அக்கா, "இன்னாடி இது, டாங்கியா இடியாப்பமா?" என்றாள். மேஜை முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் சிரித்துக்கொண்டே எட்டு, ஒன்பது படித்தார். பத்தில் சத்தம் குறைந்தது. அதற்குப் பிறகு வாய்க்குள் படித்தார். தாளை மடித்துக்கொண்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் நீ அன்னிக்குப் பண்ணியா?"

தலையாட்டினேன்.

"பண்ணாம சேராதா?"

தலையாட்டினேன்.

"ஏம்மா சொல்லல?"

அதற்குத் தலையாட்ட முடியாது. நின்றேன்.

அவர் திட்டவில்லை. ஒரு பெட்டியை எடுத்துவரச் சொன்னார். தானே உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தார். மூன்று மணி வரை அறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டுக் கேரியர் திறக்காமலே இருந்தது. தங்கவேல் அண்ணன் இரண்டு தடவை அறைப் பக்கம் பார்த்துவிட்டு மெஷினைத் துடைத்தார்.

7-9-88, புதன்

"நானூத்தி எம்பது பெட்டி மூடியாச்சு" என்றார் முதலாளி. கட்டை விரலில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. "இப்ப போய் சங்கத்துல இன்னான்னு சொல்வேன்? புது டைக்கு நேரமில்ல. இல்லன்னு சொல்லிட்டா மேஜைய மூடிட்டுப் போவ வேண்டிதுதான். பசங்கதானேம்மா. ரெண்டு நாள் வச்சிகினு இருந்துட்டு ஒடச்சிடுங்க. எட்டு வரி போதும். இத்த இத்த இங்க ஒட்டு, அவ்ளோதான். அரம், வெந்நீ எதுவும் வாணாம். எழுதிக் குடு."

எட்டு வரி எழுதினேன். சரி என்றார். நாளை ஸ்டென்சில்.

மேஜையில் யாருக்கும் தெரியாது. அக்கா இன்றும் இடியாப்பம் என்று கூப்பிட்டாள்.

8-9-88, வியாழன்

ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிப்பது கஷ்டம். எட்டு வரியையும் எழுதினேன். அதற்குக் கீழே கம்பெனி பெயர். அதற்கும் கீழே இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.

அதில் எழுதினேன். "சேரவில்லை என்றால் பெட்டியோடு வரவும். வனஜா, லட்சுமணன் வீடு" என்று எங்கள் குவார்ட்டர்ஸ் எண்ணையும் தெருவையும் போட்டேன்.

ஏன் எழுதினேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வேறு எதையும் எழுத இடம் இல்லை.

யாரும் படிக்கவில்லை. சைக்ளோஸ்டைல் கடைக்குப் போய்விட்டது.

12-9-88, திங்கள்

தாள்கள் வந்துவிட்டன. மூடிய பெட்டிகளை எல்லாம் திறந்து, தாள் வைத்து மூட வேண்டும். நானே செய்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். இரண்டு சொல். அவர் கவனிக்கவில்லை, சரிம்மா என்று போய்விட்டார்.

24-9-88, சனி

620. லாரி வந்தது.

2-10-88, ஞாயிறு

வெள்ளி விழா. நான் போகவில்லை. ஸ்பீக்கர் சத்தம் வீடு வரை கேட்டது. சாயங்காலம் அப்பா ஒரு பெட்டியோடு வந்தார், எங்கள் வீட்டுப் பங்கு. அலமாரி மேல் வைத்தார். திறக்கவில்லை.

3-10-88

யாரும் வரவில்லை.

4-10-88

யாரும் வரவில்லை. தாளை யார் கடைசி வரை படிக்கப் போகிறார்கள். சோறு வேண்டாம் என்றேன்.

6-10-88, வியாழன்

வேலையிலிருந்து வந்து முகம் கழுவும்போது கதவு தட்டினார்கள். அம்மா போனாள். எட்டு வயது இருக்கும், ஒரு பெண். பெயர் பேபியாம். பின் தெரு. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வனஜான்னு யாரு? சேரலன்னா வர சொல்லி போட்டிருக்கு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "எவன்டீ உன் பேர எழுதிப் போட்டது?"

"நான்தான்."

அம்மா வழிவிட்டாள். பேபி தரையில் எல்லாவற்றையும் கொட்டினாள். அச்சு நாலு ஒடிந்திருந்தது. சங்கிலி தலைகீழாக ஒட்டியிருந்தது. "எங்கப்பா இதத்தான் செய்றாரு, அவராலயே முடியல" என்றாள்.

அரம் வேண்டும். அப்பாவின் கருவிப் பெட்டியைக் கேட்காமல் திறந்தேன்.

8-10-88, சனி

ஏழு பேர். ஒரே நாளில் முடிக்க முடியாது. வைத்துவிட்டுப் போங்கள் என்றால் போக மாட்டேன் என்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கிறார்கள். இது என்ன, இது எங்கே போகும், ஏன் சுடுதண்ணி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் பாகத்தைக் கையில் எடுத்து ஒடித்துவிடுகிறார்கள். அதனால் சொல்லவேண்டியிருக்கிறது.

9-10-88, ஞாயிறு

கூடத்தில் நடக்க இடமில்லை. அம்மா கொதிநீர் வைத்து வைத்து, "கெரோசினு தீந்து பூட்டா உன் டாங்கிய ஊத்தியா அடுப்பு எரிப்பேன்?" என்றாள். வைத்தாள்.

அப்பா லீவு. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டத்திலிருந்து சக்கரங்களைப் பிய்த்து எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

"பிய்க்கக் கூடாது. பிளேடால வெட்டணும்" என்றேன்.

வெட்டினார்.

12-10-88, புதன்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது. நாலு மணிக்கு முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் செருப்புகளைப் பார்த்தார். உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள்.

தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "என் கம்பெனி பேருக்குக் கீழ உன் ஊட்டு அட்ரஸா? சங்கத்துல கூப்ட்டு நிக்க வச்சிட்டாங்கம்மா. வீரராகவன் சார் கேக்கறாரு, இன்னாய்யா, நீ வித்த டாங்கிய எங்க ஃபிட்டர் பொண்ணு ரிப்பேர் பண்ணிகினு கீதுன்னு. அடுத்த வருஷம் உன்னாண்ட வாணாம்னுட்டாங்க."

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள்.

"மேஜைய எடுத்துட்டேன். கன்னியம்மாவும் இன்னொரு பொண்ணும் இருக்காங்க, குமிழுக்கு. நீ வர வாணாம்மா."

சரி என்றேன்.

அவர் போகவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். பேபியின் டாங்கியை எடுத்து, கோபுரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுழன்றது. திரும்பச் சுற்றினார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

அக்கா இருக்கிறாள். அது போதும். மற்ற மூன்று பேரின் முகமும் சாப்பிடும்போது வந்தது. அவர்களுக்கு நான் என்ன எழுதுவது.

14-10-88, வெள்ளி

சித்தியிடமிருந்து கார்டு. வேலை போய்விட்டது என்று எப்படித் தெரிந்ததோ. நாள் நெருங்குகிறது, வனஜாவை ஞாயிற்றுக்கிழமையே அனுப்பு, கடையைப் பார்க்க ஆள் வேண்டும்.

அம்மாவிடம் படித்துச் சொன்னேன். அம்மா உலை வைத்தாள்.

துணி மூன்று செட் மடித்து வைத்தேன்.

16-10-88, ஞாயிறு

காலையில் ஆறு பேர் வந்தார்கள். மத்தியானம் பதினோரு பேர். ஒரு அம்மா பிள்ளையோடு வந்து உட்கார்ந்து, அரத்தை எப்படிப் பிடிப்பது என்று என்னைக் கேட்டுக் கேட்டு, தானே நாலு அச்சு தேய்த்துவிட்டாள். நோட்டில் பெயரும் தெருவும் எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை ஐம்பத்தேழு முடிந்திருக்கிறது.

மூன்று மணிக்கு அம்மா கார்டு எடுத்துவரச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும்.

"நாகவல்லிக்கு அக்கா எழுதறதுன்னு போடு. பிள்ளப்பேறுக்கு நானே வர்றேன், பத்து நாளு இருக்கேன்னு எழுது. கடைக்கு அவ ஊட்டுக்காரர வேற ஆள் பாக்கச் சொல்லு."

எழுதினேன்.

"வனஜாவுக்கு இங்க வேல கீது, இப்ப அனுப்ப முடியாதுன்னு எழுது."

பேனாவை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூடத்தில் இருந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

எழுதினேன். "எது வரைக்கும்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"மிச்சம் எத்தினி பெட்டிடீ?"

"ஐந்நூத்தி அறுவத்தி மூணு."

அம்மா விரல் விட்டுக் கொஞ்சம் எண்ணிப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"தேதி போடாத" என்றாள்.